உருளைக் கட்டிலிருந்து சிறுகட்டுக்கு: உலர்புல்லை மறுபடி கட்டும் தொழில்

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்புல் தின்னும். அமெரிக்கப் பண்ணைகளில் இன்று பெருவாரியாகக் கட்டப்படும் உருளைக் கட்டோ நானூறு கிலோவை ஒட்டி இருக்கும். பெரியவை எழுநூறு, எண்ணூறு கிலோவையும் எட்டும். ஒற்றைக் குதிரை வளர்க்கும் வீட்டில் அப்படி ஒரு கட்டைப் பிரித்துவைத்தால், தின்று முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். அதற்குள் மழையும் பனியும் சேர்ந்து பாதியைப் பூசணத்துக்குக் கொடுத்துவிடும். அதே புல் இருபது கிலோ செவ்வகக் கட்டாக இருந்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வீட்டில் யாரும் தூக்கலாம், காரின் பின்பக்கத்தில் வைத்தே கொண்டுவந்துவிடலாம். அறுப்பவருக்கு உருளை வசதி, வளர்ப்பவருக்குச் சிறுகட்டு வசதி. இந்த இடைவெளியில்தான் கட்டிய புல்லை அவிழ்த்து மறுபடி கட்டும் தொழில் ஒன்று பிறந்திருக்கிறது. அதனால் யாருக்கு லாபம், எந்தப் புல்லுக்குப் பொருந்தும், எங்கே அது ஏமாற்றாக மாறுகிறது என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த இரண்டு வடிவங்களும் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். முன்பு கட்டும் இயந்திரம் ஓரிடத்தில் நிற்கும். புல்லை அதனிடம் கொண்டுவந்து கொட்டி, அழுத்தி, கம்பியைக் கையால் முறுக்கிக் கட்டுவார்கள். 1870களின் இறுதியில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி தானியக் கதிர்களைக் கயிற்றால் கட்ட ஒரு முடிச்சுக் கருவியை உருவாக்கினார். அந்த வழியில் வந்த முடிச்சுமுறை பின்னாளில் உலர்புல்லுக்கும் வந்துசேர்ந்தது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி விவசாயி எட்வின் நோல்ட், வயலில் ஓடிக்கொண்டே புல்லை வாரி, அழுத்தி, தானே முடிச்சுப் போடும் இயந்திரத்தை 1930களின் பிற்பகுதியில் செய்தார். நியூ ஹாலண்ட் நிறுவனம் 1940 வாக்கில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் சிறுகட்டின் காலம்.

ஆனால் கட்டியதைத் தூக்க ஆள் வேண்டும். வயலில் கிடக்கும் கட்டுகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றி, கொட்டகையில் இறக்கி, கூரை முட்டும்வரை அடுக்க வேண்டும். அதையும் அன்று மாலைப் பனிக்கு முன், அல்லது மறுநாள் மழைக்கு முன் முடித்தாக வேண்டும். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கூலிக்குச் செய்த வேலை இது. அந்த ஆட்கள் குறையக் குறைய விவசாயிக்கு மூச்சு முட்டியது. அயோவா மாநிலத்தின் பெல்லா ஊரில் இயந்திரத் தொழில் நடத்திய கேரி வெர்மீர் 1971இல் பெரிய உருளைக் கட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். புல் அறுப்பின் சிரமம் தாங்காமல் மாடு வளர்ப்பையே விட்டுவிட நினைத்த நண்பர் ஒருவருக்காக யோசித்ததில் பிறந்தது அது என்பார்கள். ஓர் ஆள், ஒரு டிராக்டர், ஒரு டன்னை நெருங்கும் கட்டு. கையால் தொடவே வேண்டாம். மாட்டுப் பண்ணைகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. 1978இல் கான்சஸின் ஹெஸ்டன் நிறுவனம் பெரிய செவ்வகக் கட்டு இயந்திரத்தையும் கொண்டுவந்த பிறகு, சிறுகட்டு பழங்கதையாகிவிடும் என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆகவில்லை. அமெரிக்காவில் இன்றும் அறுபத்தைந்து லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி பெரும்பண்ணைகளில் இல்லை. நகரத்தை ஒட்டிய ஐந்து, பத்து ஏக்கர் வீடுகளில் இருக்கின்றன. அங்கே முன்பக்கத் தூக்கி பொருத்திய டிராக்டர் கிடையாது, பெரிய கொட்டகையும் கிடையாது. ஆடு, முயல், நாலைந்து கறவை மாடு வைத்திருப்பவர்கள் நிலையும் இதுதான். இவர்கள் டன் கணக்கில் பார்த்தால் கூடுதல் விலை கொடுத்தும் சிறுகட்டுதான் வாங்குவார்கள். கட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்றே தவிர, சிறுகட்டு கேட்பவர் குறையவில்லை.

ஈரப்பதம் நிறைந்த கிழக்கு மாநிலங்களில் இந்த இழுபறி இன்னும் கூர்மையானது. கென்டக்கியிலோ வர்ஜீனியாவிலோ மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் முதல் அறுப்புக்குப் புல் தயாராகிவிடும். அப்போது தொடர்ந்து மூன்று வெயில் நாட்கள் கிடைப்பதே அரிது. அந்த மூன்று நாளில் அறுத்து, காயவைத்து, புரட்டி, வரிசையாக வாரி, கட்டி, மழைக்கு முன் ஒதுக்கியாக வேண்டும். ஒருநாள் தள்ளினால் புல் முற்றுகிறது. மழையில் நனைந்தால் சத்து வடிகிறது. அந்த நேரத்தில் உருளையாகச் சுருட்டிக் கொட்டகைக்குள் உருட்டிவிட்டு, ஜனவரியில் வேலை இல்லாத நாட்களில் நிதானமாகச் சிறுகட்டாக்கி விற்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் எழும். மறுகட்டின் உண்மையான ஆதாயமும் இதுதான்: மூன்று நாள் நெருக்கடியில் செய்ய வேண்டியதைக் குளிர்காலம் முழுக்கப் பரப்பிக்கொள்ளலாம். இதற்கு மேல் அது கொடுப்பதாகச் சொல்லப்படும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

செய்முறைகள் பல. எளியது, உருளையை டிராக்டருக்குப் பின்னால் பொருத்திய விரிப்பானில் மாட்டி, சுத்தமான புல்தரையில் சுருட்டிய பாயை விரிப்பதுபோல நீளமாக விரித்துக்கொண்டு போவது. எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக அவிழ்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் அவிழாமல் கட்டிக்கட்டியாகப் பிய்ந்து விழும். விரித்ததை அப்படியே சிறுகட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். இந்த இயந்திரம் ஒரே சீரான, காற்றோட்டமான வரிசையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதன் உந்துதட்டு நிமிடத்துக்கு எண்பது, நூறு முறை முன்னும் பின்னும் போய்வரும். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அடுக்குப் புல் சேர்கிறது. பத்துப் பதினைந்து அடுக்கு சேர்ந்தால் ஒரு கட்டு. உருளையிலிருந்து வரும் புல்லோ மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்து பலகைபோலப் படிந்திருக்கும். அது திட்டுத் திட்டாக உள்ளே போனால் ஒரு அடுக்கு கனமாகவும் அடுத்தது காலியாகவும் அமையும். கட்டு ஒரு பக்கம் வளையும், கயிறு நழுவும், பாதுகாப்புக்காக வைத்த ஷியர் போல்ட் முறிந்துகொண்டே இருக்கும். ஆகவே விரித்த பின் ஒருமுறை உதறி, வாரி, வரிசையாக்கியே கட்ட வேண்டும். இந்த ஒரு நடையை மிச்சம் பிடிக்க நினைப்பவர் முடிவில் போல்ட் மாற்றுவதிலேயே பொழுதைக் கழிப்பார்.

இரண்டாவது வழி, இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, உருளையைப் பக்கத்தில் வைத்துக் கவைக்கோலால் அள்ளிக் கொடுப்பது. கொட்டகைக்குள்ளேயே செய்துவிடலாம், மண்ணும் கல்லும் சேராது. ஆனால் இதில் ஆபத்து அதிகம். டிராக்டரிலிருந்து இயந்திரத்துக்கு ஆற்றலைக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், நொடிக்கு ஒன்பது. வாரும் பற்கள் புல்லோடு கையுறையையும் சட்டைக் கையையும் சேர்த்தே இழுக்கும், விடுவித்துக்கொள்ள அவகாசம் இராது. ஓடும் கட்டு இயந்திரத்துக்குக் கையால் தீனி கொடுப்பது பண்ணை விபத்துகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று. எவ்வளவு லாபம் வந்தாலும் இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இதற்கென்றே சங்கிலித் தளம் பொருத்திய ஊட்டும் மேடைகள் இருக்கின்றன. உருளையை அதில் ஏற்றிவிட்டால் அது மெதுவாகச் சுழன்று, அடுக்கடுக்காக அவிழ்ந்து, வாய்க்குள் போகும். கையால் அள்ளிப் போட ஆள் தேவையில்லை. நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டியவருக்கு இந்த மேடை வாங்குவதுதான் சரி. பத்து உருளைக்காக அதை வாங்குவது வீண்.

உருளையைச் சுத்தியல் பற்களால் நொறுக்கித் தூவும் இயந்திரத்தைக் கொண்டு வரிசை போடுகிறவர்களும் உண்டு. படுக்கைக்குப் போடும் கோதுமை வைக்கோலுக்கு அது சரிப்படும். தீவனத்துக்கு ஆகாது: இலை தூளாகிறது, தண்டு குட்டையாகிறது, குட்டைப் புல் கட்டுக்குள் நிற்பதில்லை, தூக்கும்போதே நடுவில் உதிர்கிறது.

உருளை எந்த வகை இயந்திரத்தில் சுருட்டப்பட்டது என்பதும் முக்கியம். அறையின் அளவு மாறாத இயந்திரத்தில் நடுப்பகுதி தளர்வாகவும் வெளிச்சுற்று இறுக்கமாகவும் அமையும். பட்டைகளால் இறுக்கிக்கொண்டே வளரும் வகையில் மையத்திலிருந்தே கெட்டியாக இருக்கும். பின்னது கடைசிவரை சீராக அவிழும். முன்னது நடுவை எட்டியதும் குவியலாகச் சரியும். அந்த மிச்சத்தைத் தனியே உதறிக் கொடுக்க வேண்டும். உருளையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வலையை ஓர் இழை விடாமல் உரித்தெடுப்பது இதையெல்லாம் விட முக்கியம். வலைத் துண்டு மாட்டின் முதல் வயிற்றில் செரிக்காமல் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். குதிரைக்குக் குடல் அடைப்புக்கு வழிவகுக்கும். பனியில் உறைந்து புல்லோடு ஒட்டிக்கொண்ட வலையை அவசரத்தில் பிய்த்தால் துண்டுகள் உள்ளே நின்றுவிடும். சிறுகட்டுக்குள் போய்விட்ட வலையை வாங்குபவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்தப் பொறுப்பு முழுக்கவும் கட்டுபவருடையது.

புல்லின் தரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். காய்ந்த புல்லை எத்தனை முறை தொடுகிறோமோ அத்தனை முறை இலை உதிரும். குதிரைமசாலில் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலையில் இருக்கிறது. தண்டைவிட இலை சீக்கிரம் காய்ந்து நொறுங்கும். வயலில் ஒருமுறை புரட்டி, வாரி, சுருட்டி, பிறகு குளிர்காலத்தின் வறண்ட காற்றில் விரித்து, உதறி, மறுபடி வாரி, குத்திக் கட்டினால் பச்சைத் தூளெல்லாம் தரையில் நின்றுவிடும். விற்பனைக்குப் போவது பெரும்பாலும் குச்சி. திமோதி, ஆர்ச்சர்ட், பெர்முடா போன்ற புல்வகைகள் இந்த அடியை ஓரளவு தாங்கும், ஏனென்றால் அவற்றின் இலை அவ்வளவு எளிதில் ஒடிவதில்லை. ஆகையால் புல்வகைகளை மறுகட்டலாம்; குதிரைமசாலை மறுகட்டக் கூடாது. கட்டியே தீரவேண்டும் என்றால் காற்றில் ஈரம் ஏறும் அதிகாலையிலோ மாலையிலோ கட்ட வேண்டும். இலை அப்போது சற்றே துவண்டு பிடித்துக்கொள்ளும். மேற்கு மாநிலங்களின் வறண்ட பள்ளத்தாக்குகளில் முதல்முறை கட்டும்போதே நீராவி பாய்ச்சும் இயந்திரங்கள் வந்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அடுத்தது பூசணம். வெட்டவெளியில் கிடந்த உருளையின் வெளிச்சுற்று மழையில் அழுகும். சிலர் அதை "மேல்தோல்தானே" என்று தள்ளிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தடி விட்டமுள்ள உருளையில் வெளியே ஆறங்குலம் கெட்டுவிட்டால் போவது மொத்தத்தில் 36 சதவீதம். ஆறடி விட்டத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல். விட்டம் குறையக் குறைய அந்தத் தோலின் பங்கு கூடும். மாடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு நடுவைத் தின்னும், அதற்குத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மறுகட்டும்போது நல்லதும் கெட்டதும் ஒவ்வொரு அடுக்கிலும் கலந்துவிடுகிறது. தின்னும் குதிரைக்கு ஒதுக்க வழி கிடையாது. குதிரையின் நுரையீரல் பூசணத் தூசியால் மிக எளிதில் பாதிக்கப்படும். வாந்தியெடுக்கவும் குதிரையால் இயலாது. அழுகிய தாவரத்திலும் கட்டுக்குள் சிக்கிச் செத்த எலியிலும் பெருகும் பாட்டுலினம் நஞ்சு குதிரையைக் கொன்றுவிடும். வெளியே நனைந்து கிடந்த உருளையைப் பிரித்து அழகான சிறுகட்டாக்கி விற்பதை நான் வியாபாரத் தந்திரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், அது மோசடி. கொட்டகையில் இருந்த உருளையை மட்டுமே மறுகட்ட வேண்டும். அதிலும் தரையைத் தொட்ட அடிப்பக்கத்தை உரித்து மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய உருளை முதல் சில வாரங்கள் உள்ளுக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். மிச்ச ஈரத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். உருளை பெரிதாக இருப்பதால் சூடு வெளியேறத் தாமதமாகும். அதனால்தான் சிறுகட்டை 18, 20 சதவீத ஈரத்தில் கட்டலாம் என்றால், உருளையை அதைவிடக் காய்ந்த நிலையில் கட்டச் சொல்கிறார்கள். உள்வெப்பம் 65 டிகிரி செல்சியஸை எட்டினால் கண்காணிக்க வேண்டும். 80ஐ நெருங்கினால் தீ எந்த நேரமும் பிடிக்கலாம். அப்படிச் சூடான கட்டை அவிழ்த்தால் உள்ளே காற்றுப் புகுந்து கனல் குப்பென்று எழும். எனவே கட்டி ஆறு வாரம் ஆகாத உருளையை மறுகட்டு மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் புளிக்கவைத்த ஈரப்புல் உருளைகளை மறுகட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். காற்றுப் பட்டுச் சில நாட்களில் கெட்டுவிடும்.

பணக்கணக்கு எளியதுதான், ஆனால் பலர் பாதிக் கணக்கே போடுகிறார்கள். நானூறு கிலோ உருளை காகிதத்தில் இருபது கிலோ கட்டுகள் இருபதைத் தரும். ஓரத்தில் ஒதுக்கியது, தரையில் உதிர்ந்தது போகப் பதினெட்டு வந்தால் நல்ல வேலை. ஒரு சிறுகட்டுக்கு இரண்டு கயிறு, சேர்த்து ஐந்து மீட்டருக்கு மேல். ஓர் உருளைக்கு நூறு மீட்டரை நெருங்கும். இரண்டாவது முறை டீசல், இரண்டாவது முறை கூலி, கொட்டகையில் இரண்டாவது முறை இடம். இதற்கெல்லாம் ஈடாக, உருளையாக விற்றால் கிடைக்கும் டன் விலைக்கும் சிறுகட்டாக விற்றால் கிடைக்கும் டன் விலைக்கும் உள்ள வித்தியாசம் நிற்க வேண்டும். குதிரை வீடுகள் நெருங்கிய ஊர்ப்புறத்தில், ஜனவரி பிப்ரவரியில், அது நிற்கும். மாட்டுப் பண்ணைகளே சூழ்ந்த இடத்தில் நிற்காது. சொந்தமாகச் சிறுகட்டு இயந்திரம் இருப்பவருக்கு நிற்கும். இதற்காகவே கடன் வாங்கி வாங்குபவருக்கு மிகவும் சிரமம்.

மறுகட்டு பெருந்தொழிலாகவே வளர்ந்த இடமும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்து எல்லன்ஸ்பர்க் பகுதியின் திமோதி புல் ஜப்பானின் பந்தயக் குதிரைகளுக்கும் கறவை மாடுகளுக்கும் கப்பலேறுகிறது. வயலில் கட்டிய கட்டுகளைப் பிரித்து அறுத்து, நீரியல் அழுத்தத்தில் பாதி அளவாகச் சுருக்கி, மறுபடி பட்டை போட்டுத்தான் கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள். காற்றைக் கப்பலில் ஏற்றி அனுப்ப யாரும் பணம் கட்டுவதில்லை. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக் குதிரைமசாலும் இப்படித்தான் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அங்கே அழுத்தும் இயந்திரம் ஒரே இடத்தில் நிற்கிறது, கூரைக்குள் வேலை நடக்கிறது, உதிரும் இலையும் கட்டிலேயே சேர்கிறது. சிறு விவசாயி செய்யும் மறுகட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பணபலம் மட்டுமல்ல. உதிர்வதைத் தரையில் விடாமல் பிடிக்கும் ஏற்பாடும்தான். ஊட்டும் மேடைக்கு அடியில் ஒரு தட்டு வைத்துத் தூளைச் சேர்த்துக் கன்றுக்குப் போடுவது சிறு பண்ணையிலும் செய்யக்கூடியதே.

நம் காவிரி டெல்டாவுக்கு இதில் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலில் கிடக்கும் வைக்கோலை டிராக்டரில் இணைத்த பேலர் உருளையாகவே சுருட்டுகிறது. ஆனால் அந்த உருளை பதினைந்து, இருபது கிலோதான். ஓர் ஆள் தலைச்சுமையாகத் தூக்கி லாரியில் எறியலாம். 1947இல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ரோட்டோ பேலரும் இதே கைக்கடங்கிய உருளையைத்தான் சுருட்டியது. நெப்ராஸ்காவின் உம்மோ லூபென் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை அது. ஆகவே சிக்கல் வட்டமா சதுரமா என்பதில் இல்லை, எடையில் இருக்கிறது. கடைசியில் தூக்குபவரின் கைக்கு அடங்கினால் மறுகட்டுக்கு வேலையே இல்லை. தஞ்சாவூர் வைக்கோல் கேரளத்துக்கும் கொங்குப் பகுதிக்கும் அவிழ்க்காமலே போய்ச் சேருகிறது. லாரியில் உருளைகளுக்கு நடுவே வீணாகும் இடம் மட்டும் நட்டம்: நேர்வரிசையில் நிறுத்திய உருளைகள் தளத்தில் 78 சதவீதத்தைத்தான் நிரப்பும், செவ்வகக் கட்டு முழுதும் நிரப்பும். தொலைதூரம் போகும் வைக்கோலுக்குச் செவ்வகப் பேலரை நம் வேளாண் இயந்திர வாடகை மையங்கள் யோசிக்கலாம். உருளையாகக் கட்டி அப்புறம் செவ்வகமாக்கும் இரட்டை வேலை நமக்கு வேண்டாம்.

அமெரிக்க விவசாயிக்கும் மறுகட்டைத் தவிர வேறு வழி இருக்கிறது. அறுவடையின்போதே நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் சிறுகட்டாகக் கட்டி, பதினான்கோ இருபத்தொன்றோ சேர்த்து ஒரே மூட்டையாக்கும் இயந்திரத்தால் கையால் தொடாமலே கொட்டகைக்குள் கொண்டுவரலாம். விலை அதிகம், ஆனால் இலை ஒருமுறைதான் அடிபடுகிறது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்பவர் அந்தப் பக்கம் போவதே சரி. சில நூறு கட்டுகள் விற்கும் சிறு பண்ணைக்கு, கொட்டகையில் காத்த புல்வகை உருளையைக் குளிர்காலத்தில் மறுகட்டுவது நியாயமான தொழில். மற்ற எல்லா நிலைகளிலும் உருளையை உருளையாகவே மாட்டுக்காரருக்கு விற்றுவிடுவது மேல்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டை எண்ணி விலை பேசாதீர்கள், எடைபோட்டு வாங்குங்கள். இருபது கிலோ என்று சொன்ன கட்டு பதினைந்தாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வண்டி இறக்குவதற்கு முன் ஒரு கட்டைப் பிரித்து நடு அடுக்கை முகர்ந்து பாருங்கள். தூசி பறந்தாலோ வலை இழை தென்பட்டாலோ வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இது மறுகட்டா, உருளை வெளியே கிடந்ததா, கொட்டகையில் இருந்ததா என்று நேராகக் கேளுங்கள். நேர்மையாகக் கட்டியவர் தயங்காமல் பதில் சொல்வார்.